பொருள்களும் பேசும்

திரைப்படத்தில் பேசுவோர் மாந்தர் மட்டும் அல்லர். அவர்கள் கையாளும் பொருள்களும் பேசுகின்றன. எனினும், குறும்படம் எடுக்க முனையும் மாணவர்கள் பலர், படப்பிடிப்பிற்கு முந்தைய நாள் மாலையில் கிடைத்த பொருள்களைத் திரட்டுவதே போதும் என எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் மாறவேண்டும்.

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் செப்புத்திருமேனி வார்க்கும் சிற்பி ஒருவரைப் பற்றிக் குறும்படம் எடுக்கப்படுவதாகக் கொள்ளலாம். பொன்வண்ணம் பூசிய சுண்ணச்சிலையைக் கடையில் வாங்கி, நடிகரின் கையில் உளியைக் கொடுத்தால் காட்சி அமைந்துவிடும் என்று தோன்றும். ஆனால், அவ்வூர்ச் சிற்பியின் தொழில் உளியில் தொடங்குவதில்லை. தென்னை ஓலையை மடித்து அளவு குறிப்பர். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் சமைப்பர். அதன்மேல் காவிரி வண்டல்மண்ணைப் பூசி உலர்த்துவர். அனலில் காட்ட, மெழுகு உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பர். ஆறியபின் மண்கூட்டை உடைப்பர். உளிக்கும் அரத்திற்கும் அதன்பிறகே வேலை. மடித்த ஓலையைக் காட்டாத படம் அக்கலையின் கணக்கையே மறைத்துவிடும்.

பொருள் திட்டமிடலின் தேவையையும் அம்மண்கூடே உணர்த்தும். அஃது ஒருமுறைதான் உடையும். 'மீண்டும் எடுப்போம்' என்பதற்கு அங்கே இடமில்லை. ஆகவே, எக்காட்சியில் எப்பொருள், எந்நிலையில், எவர் கையில் இருக்கும் என்பதை முன்கூட்டியே பட்டியலிட வேண்டும். இரவல் பெறும் கருவி ஒருவரின் அன்றாடப் பிழைப்பு என்பதால், அதனைத் திருப்பித் தரும் நாளும் அப்பட்டியலில் இடம்பெற வேண்டும்.

மாணவரிடம் பொருள்வளம் இல்லையே என்பர் சிலர். 'நாயகன்' (1987) திரைப்படத்திற்காக மும்பைத் தாராவியின் குடியிருப்பைச் சென்னையில் அரங்காக எழுப்பிய கலை இயக்குநர் தோட்டா தரணி, அதற்காகத் தேசிய விருது பெற்றார். அத்தகைய பேரரங்கை எழுப்புதல் மாணவர்க்கு இயலாது. சுவாமிமலையில் அது தேவையும் இல்லை. பட்டறையும் உலையும் ஆற்றுமண்ணும் அங்கே உள்ளன. வேண்டுவன சில நாள் உற்றுநோக்கலும், உரியவரின் இசைவும், ஒரு குறிப்பேடுமே.

சுவாமிமலையைக் காணாதவர் திரையில் காண்பதையே உண்மை எனக் கொள்வர். தம் தொழில் பிழையாகக் காட்டப்படுவதைக் காணும் சிற்பியோ மனம் நோவார். செலவு குறைந்த படம் எனில் பொறுக்கலாம். கவனம் குறைந்த படம் எனில் பொறுத்தல் அரிது.