சரக்கு போயாச்சு... பயம் போகலையே!

கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டது. இரண்டு வாரமாக நைட் பார்த்த வீட்டுக்காரர் குளித்து, சாப்பிட்டுப் படுக்கிறார். நடுராத்திரியில் செல்போன் 'டிங்' என்கிறது. யாரோ அனுப்பிய குட்நைட் மெசேஜ்தான். ஆனால் மனிதர் பதறியடித்து எழுந்து உட்காருகிறார். அப்புறம் தூக்கமே இல்லை. காலையில் பிள்ளை பென்சில் கேட்டால் எரிந்து விழுகிறார்.

"ஏனுங்க, சரக்குத்தான் போயிருச்சே, இன்னும் என்ன?"

"கம்முனு இரு!"

திருப்பூர், அவிநாசி, பல்லடம் என்று பனியன் தொழிலை நம்பியிருக்கும் வீடுகளில் இது பழகிப்போன காட்சி. 'முன்கோபி' என்று நீங்கள் முடிவு கட்டியிருப்பீர்கள். 'அவங்கப்பாவும் இப்படித்தான்' என்று மாமியார் சொல்லியிருப்பார். கொஞ்சம் பொறுங்கள். குணத்தைக் குறை சொல்வதற்கு முன்னால், அவர் தலைக்குள் இருக்கும் ஒரு பட்டாணியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கிக்கொண்டிருப்பது பிட்யூட்டரி சுரப்பி. ஆபத்து என்று மூளை நினைத்ததும், இது ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் அனுப்புகிறது. சிறுநீரகங்களின் மேல் குல்லா போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அந்த உத்தரவைக் கேட்டு கார்டிசாலைச் சுரக்கின்றன. உடம்பு ஓட்டத்துக்குத் தயாராகிறது. ஓயாத தொல்லைக்கு ஆளான எலிகளுக்கு அட்ரீனல் பெருத்து, இரைப்பையில் புண் வருவதை 1936-லேயே மான்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செல்யே கண்டு எழுதினார்.

அது உடம்பு விஷயம். நடத்தை? அங்கேதான் ஹாலந்து விஞ்ஞானி டேவிட் டி வீட் வருகிறார். எச்சரிக்கை வந்ததும் நகர்ந்துவிட்டால் ஷாக் கிடையாது என்று எலிகளைப் பழக்கினார். அப்புறம் ஷாக்கையே நிறுத்திவிட்டார். சாதாரண எலிகள் கொஞ்ச நாளில் 'இனி ஒன்றும் இல்லை' என்று புரிந்துகொண்டு ஓடுவதை விட்டுவிட்டன. ஏ.சி.டி.எச். கொடுத்த எலிகளோ ஆபத்து தீர்ந்த பின்னும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தன! அட்ரீனலை அசைக்காத, அந்த ஹார்மோனின் ஒரு சிறு துண்டைக் கொடுத்தபோதும் அதேதான் நடந்தது. அதாவது, அந்த ஹார்மோன் மூளையையே நேராகத் தொடுகிறது. 1960-களில் வந்த இந்த முடிவு பலரை வியக்க வைத்தது.

மனிதன் எலி இல்லை. ஆனாலும் நள்ளிரவில் 'டிங்' சத்தத்துக்கு எழுந்து உட்காரும் மனிதரைப் பார்க்கும்போது எனக்கு அந்த எலிகள்தான் நினைவுக்கு வருகின்றன. சரக்கு போய்விட்டது, பயம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆபத்தும் எப்போதும் கற்பனை இல்லையே! 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது, 'ஆர்டர் நிக்குமா, போகுமா' என்று எத்தனை வீடுகள் தூங்கவில்லை?

ஆகவே, 'தைரியமா இருங்க, எல்லாம் மனசுதான்' என்ற உபதேசம் மட்டும் போதாது. இனி ஒன்றும் இல்லை என்பதை அந்த எலிகள் எப்படிக் கற்றன? எச்சரிக்கை வந்தும் ஷாக் வராத அனுபவம் திரும்பத் திரும்பக் கிடைத்ததால்தான். உங்கள் வீட்டுக்காரருக்கும் அப்படிச் சில நாட்கள் வேண்டும். போன் அடிக்கட்டும், கெட்ட சேதி வராமல் இருக்கட்டும்! ஷிப்மென்ட் முடிந்த இரவு செல்போன் ஹாலில் தூங்கட்டும். கணக்கு வழக்கு, ஸ்கூல் ஃபீஸ் பேச்செல்லாம் இரண்டு நாள் தள்ளிப் போகட்டும். கார்டிசால் இயல்பாக விடியற்காலையில் ஏறி, நடுராத்திரியில் இறங்கும். நைட் வேலை அந்தக் கடிகாரத்தைக் கலைத்துவிடும். சீரான நேரத்துக்குப் படுத்து எழுந்தால்தான் அது திரும்பும்.

கம்பெனி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு ஷிப்மென்ட் முடிந்த மறுநாளே அடுத்ததற்கு ஒன்றரை ஷிப்ட் போடாதீர்கள். 'லீவு விட்டா ஆர்டர் என்னாவறது?' என்பீர்கள். தூக்கம் கெட்ட கண்ணுக்குச் செக்கிங்கில் கறையும் தெரியாது, ஓட்டையும் தெரியாது. சரக்கு திரும்பி வந்தால் நஷ்டம் யாருக்கு? ஓவர்லாக் மெஷினுக்கே எண்ணெய் போட நிறுத்துகிறோம். அதை ஓட்டும் பெண்ணுக்கு வீட்டில் சமையலும் காத்திருக்கிறது. அவளுக்கு ஒரு நாள் ஓய்வு கூடாதா?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். 'இருந்து என்ன பிரயோஜனம்' என்ற பேச்சு வந்துவிட்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை அவர் 'கம்முனு இரு' என்றால், கோபம் வரத்தான் செய்யும். அப்போது அந்தப் பட்டாணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் மோரை நீட்டுங்கள். சண்டையை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்!