அறுபத்தெட்டு நாள் ஊமைத்திரை

செய்தி படிப்பவர் என்றால், பிறர் எழுதிக் கொடுத்ததை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பவர் என்பதே பலர்தம் எண்ணம். அத் தொழிலில் உள்ளோருட் பெரும்பாலோர் அவ்வாறே வாழ்ந்து, அவ்வாறே ஓய்வும் பெற்று விடுகின்றனர். குரல் ஒருவருடையது, சொல் இன்னொருவருடையது, அச் சொல்லை வெளியிடலாமா கூடாதா என்னும் ஆணையோ, வேறோர் ஊரில், வேறொரு மொழியில் எழுதப்படுவது. இம் மூன்றும் மூன்று இடங்களிற் கிடப்பதன் பொருள் யாது என்பதைத் தம் 36-ஆம் அகவையில், பனி உறைந்த தெருவில் நின்று கற்றுக்கொண்ட ஓர் ஒலிபரப்பாளரின் வரலாறு, மொழிநலம் நாடுவோர் ஊன்றி நோக்கத் தக்கது. அவர், கனடா நாட்டின் கியூபெக்கு மாநிலத்தவரான இரெனே இலெவெக்கு.

1922 ஆகத்து 24-இல் பிறந்த அவர் வளர்ந்தது, காசுபே கடற்கரையிலுள்ள நியூ கார்லைல் என்னும் சிற்றூரில். அமெரிக்கா விடுதலை பெற்றபோது பிரித்தானிய முடியரசுக்கே அடங்கியிருப்போம் என்று அங்கிருந்து பெயர்ந்த ஆங்கிலங்கூறுவோர் அமைத்த ஊர் அது. மாநிலம் முழுமையும் எண்ணினால் பிரெஞ்சு பேசுவோரே மிகப் பெரும்பான்மையர். ஆயினும் என்ன? அவ்வூரில் நல்ல வீடுகளும் நல்ல பள்ளியும் ஆங்கிலத்தார்க்கே உரியனவாயிருந்தன. பிரெஞ்சுக் குழந்தைகட்கு வாய்த்தது ஓர் எளிய சிறு பள்ளி. வழக்குரைஞரின் மகனான இலெவெக்கு, ஆங்கிலத்தைப் பகைத்தவரல்லர். தெருவில் விளையாடியே அதனைத் தாய்மொழிக்கு ஈடாகக் கற்றவர். பதின்ம அகவையிலேயே அவ்வூர் வானொலி நிலையத்தின் ஒலிவாங்கிமுன் அமர்ந்தார். ஆங்கிலத்தில் வந்திறங்கும் செய்தித்தாள்களைப் பிரெஞ்சிற் பெயர்த்துப் படிப்பதே ஆங்குப் பிரெஞ்சு அறிவிப்பாளர்க்கு இடப்பட்ட பணி. தம் மண்ணின் நிகழ்ச்சியைக்கூடப் பிறமொழி வழியே பெற்று, மீண்டும் தம்மொழிக்குத் திருப்பித் தரும் இந் நிலையின் விந்தை அவ்விளைஞர்க்கு அன்றே உறைத்ததோ இல்லையோ! ஆனால், செய்தியை எவர் முதலில் எழுதுகின்றாரோ அவர் கண்ணாலேயே உலகம் பார்க்கப்படும் என்பது தமிழ் படிப்பவர்க்கு விளக்கிச் சொல்ல வேண்டுவதன்று.

சட்டக் கல்வியை இடையில் விட்டார். உலகப்போர் மூண்டிருந்த காலம். பிரித்தானிய மன்னரின் சீருடை அணிய மனமொப்பாமல், 1944-இல் அமெரிக்கரின் போர்ச் செய்தித் துறையிற் சேர்ந்து இலண்டனுக்கும், பின்னர் ஐரோப்பியப் போர்க்களங்கட்கும் சென்றார். செருமானியரின் தாக்கவு வதைமுகாம் திறக்கப்பட்டபோது அதனுள் நுழைந்து கண்ட செய்தியாளருள் அவரும் ஒருவர். போர் ஓய்ந்தபின், கனடிய ஒலிபரப்புக் கழகத்தின் வெளிநாட்டு ஒலிபரப்பிற் பணியாற்றினார். 1951-இல் கொரியப் போர்க்களத்திலிருந்து ஒலியுரைகள் விடுத்தார். 1955-இல், கனடிய வெளியுறவு அமைச்சர் இலெசுட்டர் பியர்சனுடன் சோவியத்து நாட்டிற்குச் சென்று, குருச்சேவ் அவ்வமைச்சரை நேருக்குநேர் மடக்கிப் பேசியதை ஒலிப்பதிவு செய்து வந்தார். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கும் கூட்டத்தினின்று அவர் விலகி நின்றமைக்கு இப் பட்டறிவே கரணியம். நேரிற் கண்டவன் பேச்சுக்குத் தாள் வேண்டுவதில்லை.

மொன்றியால் நகரில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1952 செப்தம்பர் 6-இல் தொடங்கியது. முதலில் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி வந்தன. 1954-இல்தான் பிரெஞ்சுக்குத் தனி அலைவரிசை வாய்த்தது. அந்த அலைவரிசையில், 1956 அக்தோபரில், ‘புவேன் தெ மீர்’ என்னும் நிகழ்ச்சியோடு இலெவெக்கு தோன்றினார். குறியிலக்கு என்பது அத்தொடரின் பொருள். கிழமைக்கு ஒருமுறை, இரவு நெடுநேரம் கழித்து, அரைமணி நேரம். குள்ளமான உருவம், கரகரத்த குரல், விரலிடுக்கில் ஓயாது புகையும் வெண்சுருட்டு. அழகிய முகத்தையும் இனிய குரலையும் தேடி அலைந்த அத் தொழிலில், இவற்றுள் ஒன்றும் தகுதியாகாது. அவர் பின்னே ஒரு கரும்பலகையும் ஒரு நிலப்படமும் இருக்கும். கையில் ஒரு கோல். அவ்வளவே.

அந் நிகழ்ச்சி தொடங்கிய வேளையிலேதான் சூயசுக் கால்வாய்ச் சிக்கல் போராய் வெடித்தது. அங்கேரி நாட்டு மக்களின் எழுச்சியும் அதே திங்களில் நேர்ந்தது. பின்னர் அல்சீரியா விடுதலைப்போர் வளர்ந்தது. கால்வாய் எங்கே உள்ளது, அதனை வெட்டியவர் யார், அதன் வருவாய் எவர் பைக்குப் போயிற்று, நாசர் அதனை நாட்டுடைமையாக்கியது ஏன் என்று, பள்ளியிற் சின்னாள் மட்டுமே பயின்ற தொழிலாளியும் பற்றிக்கொள்ளுமாறு அவர் படிப்படியாய் விரித்துரைத்தார். கலைச்சொற்களை அடுக்கி மருட்டவில்லை. மக்களைச் சிறுபிள்ளைகளாய்க் கருதித் தாழ்ந்து பேசவுமில்லை. வகுப்பறையில் நின்றவர்கள் அறிவர்: ஒரு செய்தியை எளிமையாய்ச் சொல்வதற்கு அதனைப் பன்மடங்கு ஆழமாய்க் கற்றிருக்க வேண்டும். அவர் ஒவ்வொரு கிழமையும் நூல்களும் இதழ்களுமாய்க் குவித்து வைத்துக் கற்ற பின்னரே அக் கரும்பலகை முன் நின்றார். விளைவு யாது? உலகச் செய்தி என்பது ஆங்கிலத்தில் மட்டுமே நிகழ்வது என்று எண்ணப் பழக்கப்பட்டிருந்த ஒரு மக்களினம், உலகம் முழுவதும் தன் தாய்மொழியிலேயே அடங்கும் என்பதைத் தன் வீட்டுக் கூடத்திலிருந்தே கண்டுகொண்டது. இதனினும் பெரிய மொழித்தொண்டு ஓர் ஒலிபரப்பாளரால் ஆகுமோ!

இனி, வேலைநிறுத்தத்தைப் பார்ப்போம். 1958 திசம்பர் 29-ஆம் நாள், கழகத்தின் பிரெஞ்சுப் பிரிவாகிய இரேடியோ-கனடாவின் மொன்றியால் நிலையத்தில், நிகழ்ச்சி ஆக்குநர்கள் எழுபதுக்கு மேற்பட்டோர் பணியை விட்டு வெளியேறினர். அவர்கள் கேட்டது கூடுதல் ஊதியமன்று. தமக்கெனத் தொழிற்சங்கம் அமைத்துக்கொள்ளும் உரிமையே. ஆக்குநர் மேலாண்மையைச் சார்ந்தவர், அவர்க்குச் சங்கம் எதற்கு என்றது கழகம். நடிகரும் எழுத்தாளரும் தொழில்நுட்பத்தாருமாய் ஏறத்தாழ 2,000 பணியாளர் அவர்தம் மறியல் வரிசையைக் கடக்க மறுத்து வெளியே நின்றனர். பிரெஞ்சுத் திரையில் பழைய திரைப்படங்கள் ஓடின. மக்கள் விரும்பிப் பார்த்த நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. அரசுக்கே உரிய கழகம் அது; அதன் தலைமையகமும் ஒட்டாவாவில், அரசும் ஒட்டாவாவில். சனவரியில் வேலைநிறுத்தத்தார் தொடர்வண்டி ஏறி ஒட்டாவா சென்று, நாடாளுமன்றத்தின் வாயிலிலேயே முறையிட்டனர். பயன் இல்லை. கழகம் தன்னுரிமை உடையது, யாங்கள் தலையிடோம் என்று நடுவண் அமைச்சர்கள் கைவிரித்தனர்.

இலெவெக்கு கழகத்தின் நிலைப் பணியாளரல்லர். ஒப்பந்த முறையில் நிகழ்ச்சி தருபவர். அவர் ஒதுங்கியிருந்தாலும் குறை கூறுவாரிலர். தொடக்கத்தில் அவர் தயங்கவே செய்தார். இறங்கிய பின்னரோ முன்வரிசையில் நின்றார். வேலைநிறுத்தத்தார் நிதி திரட்ட மேடையில் நடத்திய நிகழ்ச்சிகளில், அதே கரும்பலகையோடு தோன்றி, தம் போராட்டத்தையே செய்தியாக விளக்கினார். 1959 மார்ச்சு 2-இல் காவலர் ஊர்வலத்தாரைக் கலைத்தபோது, தொழிற்சங்கத் தலைவர் சான் மார்சானோடு அவரும் சிறைப்பிடிக்கப்பட்டார். ஐந்து நாள் கழித்து, 68-ஆம் நாளில், ஆக்குநரின் சங்க உரிமையை ஏற்ற உடன்பாட்டோடு வேலைநிறுத்தம் முடிந்தது.

வெற்றி கிடைத்தது. ஆனால் அவர் நெஞ்சில் நின்றது வெற்றியன்று. அந்த 68 நாட்களே. ஆங்கிலத் தொலைக்காட்சி இவ்வாறு வாயடைத்துக் கிடந்திருந்தால் ஒட்டாவா இத்தனை நாள் பொறுத்திருக்குமா என்று, ஆங்கிலத்தார் படிக்கும்படி ஆங்கிலத்திலேயே எழுதிக் கேட்டார். ஐம்பது நூறாயிரம் எண்ணிக்கையை நெருங்கும் ஒரு மொழியினத்தின் கண்ணும் காதும் மூடப்பட்டிருந்தும் ஆள்வோர் உறக்கம் கலையவில்லை. கொடுமை செய்ய வேண்டுமென்று அவர்கள் கருதியதாய்க் கூறுவதற்கில்லை. அம் மொழியில் வரும் நிகழ்ச்சிகளை அவர்கள் பார்ப்பதில்லை. ஆதலால் அவை நின்றதும் அவர்க்குத் தெரியவில்லை. பகைவனின் தீங்கைவிட இப் பாராமுகம் கொடிது. பகைவனாவது நீ இருப்பதை ஒப்புகின்றான்!

அதே வேலைநிறுத்தத்தின் துணைவர் எல்லாரும் அதே முடிவுக்கு வந்தாரல்லர். உடன் சிறைப்பட்ட மார்சான் 1965-இல் பியேர் துருதோவோடு ஒட்டாவா அரசியலுக்கே சென்றார். இலெவெக்கு வேறு வழி கொண்டார். ‘புவேன் தெ மீர்’ 1959-இலேயே நிறுத்தப்பட்டது. 1960 சூன் தேர்தலில் தாராளக் கட்சியின் சார்பில் வென்று மாநில அமைச்சரானார்; தனியார் மின்னாற்றல் நிறுவனங்களை மாநில உடைமையாக்கும் திட்டத்தை, 1962-இல் மீண்டும் அதே கரும்பலகை கொண்டு ஊர் ஊராய் விளக்கினார். 1967-இல் அக் கட்சியை விட்டு, 1968-இல் கியூபெக்குக் கட்சியை அமைத்தார். 1970, 1973 ஆகிய இரு தேர்தல்களிலும் தம் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். இடைக்காலத்தில் நாளிதழில் எழுதினார். 1976 நவம்பர் 15-இல் 110 தொகுதிகளுள் 71-இல் அவர் கட்சி வென்று, அவர் முதலமைச்சரானார்.

1977 ஆகத்து 26-இல் நிறைவேறிய பிரெஞ்சு மொழிப் பட்டயம் அவ்வாட்சியின் பெருஞ் செயல். அதனை வரைந்தவர் அமைச்சர் கமீல் இலோரன். தொழிலகங்களில் பணிமொழி பிரெஞ்சு. கடைப் பலகைகளில் பிரெஞ்சு. குடியேறுவோர்தம் பிள்ளைகட்குப் பிரெஞ்சுப் பள்ளி. வியப்பு யாதெனில், இச் சட்டத்தில் முதலமைச்சர்க்கே மனநிறைவு இல்லை. ஒரு மக்களினம் தன் மண்ணில் தன் மொழியைச் சட்டம் போட்டுக் காக்க வேண்டியிருப்பதே இழிவன்றோ என்று அவர் வருந்தினார். மொழிப்பற்றாளர் சிலர் இதனைக் கோழைமை என்பர். அன்று. இழிவென்று உணர்ந்தும், வேறு மருந்தில்லை எனக் கண்டு அவர் அச் சட்டத்திற்குத் துணைநின்றார். முன்பெல்லாம் ஆங்கிலப் பள்ளியையே நாடிய குடியேறிகளின் பிள்ளைகள், அதன்பின் பெரும்பாலும் பிரெஞ்சிற் பயின்றனர். 1988-இல் கடைப்பலகை விதியை உச்சமன்றம் அசைத்தது. 2022-இல் மாநில அரசு அப் பட்டயத்தை மேலும் இறுக்கியது.

1980 மே 20-இல், தன்னாட்சி குறித்து ஒட்டாவாவோடு பேச ஒப்புதல் கேட்டு அவர் நடத்திய வாக்கெடுப்பில், ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் மறுத்தனர். தோல்வியை மறைக்காமல், அழுத கூட்டத்தின் முன் வந்து நின்று ஒப்பினார். அவர்மேல் உள்ள பழி அதுவன்று. 1983 தொடக்கத்தில், நிதி நெருக்கடியைக் காட்டிப் பொதுத்துறையினரின் ஊதியத்தை 20 விழுக்காட்டளவு வரை குறைத்தார். அதனை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்களைச் சட்டத்தால் பணிக்கு விரட்டினார். சங்க உரிமைக்காகப் பனியில் நின்று சிறைப்பட்டவரின் அரசு செய்த வேலை இது! மொழிக்கு அரண் அமைத்தவர் என்பதற்காக, அம் மொழியைக் கற்பிப்போர் வயிற்றில் அடித்ததை மறந்துவிடலாகாது. அந்நாட்டு ஆசிரியர்களும் எளிதில் மறக்கவில்லை.

1985-இல் பொறுப்புத் துறந்தார். மறு ஆண்டில் தம் நினைவுகளை நூலாக எழுதினார். தம் பழைய தொழிலுக்கே திரும்பிச் செய்தி உரைக்கலானார். 1987 நவம்பர் 1-இல் நெஞ்சடைத்து மறைந்தார்.

1959-இல் வேலைநிறுத்தத்தார் மறியல் செய்த இரேடியோ-கனடாக் கட்டடம், தோர்ச்செசுட்டர் பெருந்தெருவில் இருந்தது. பிரித்தானிய ஆளுநர் ஒருவரின் பெயர் தாங்கிய தெரு அது. அவர் மறைந்தபின் மொன்றியால் நகர மன்றம் அத் தெருவுக்கு இரெனே இலெவெக்கின் பெயரை இட்டது. அத் தெருவின் ஒரு பகுதி, ஆங்கிலத்தார் மிகுதியாய் வாழும் வெசுட்டுமவுண்டு என்னும் தனி நகராட்சிக்குள் செல்கின்றது. ஆங்கு அதன் பெயர் தோர்ச்செசுட்டர் என்றே எழுதப்பட்டுள்ளது.