எதுங்க ஒரிஜினல்?

அமெரிக்காவில் பிறந்தவர் அயர்லாந்து இசையை ரசித்தாலோ வாசித்தாலோ அது டூப்ளிகேட்டாம். அவர்களுக்கு 'பிளாஸ்டிக்' என்று கேலிப் பெயர் வேறு. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. (ஊருக்குப் போனால், புனேயில் பிறந்த என் மகளின் தமிழைக் கிண்டலடிக்கும் சொந்தக்காரர்கள் ஞாபகம் வருவதாலோ என்னவோ!)

ஐயா, உங்கள் 'ஒரிஜினல்' எந்த வழியாக வந்தது தெரியுமா? கார்க் மாவட்டத்தில் பிறந்து சிகாகோ போலீஸ் தலைவரான பிரான்சிஸ் ஓ'நீல், 1903-ல் அங்கேதான் 1850 மெட்டுகளைப் புத்தகமாக்கினார். ஸ்லைகோக்காரர் மைக்கேல் கோல்மன் 1914-ல் நியூயார்க் போனவர். 1920-களில் அவர் அங்கே பதிந்த ஃபிடில் இசைத்தட்டுகள் கப்பலேறி அயர்லாந்துக்கு வந்தன. கிராமத்து வாத்தியக்காரர்கள் கிராமபோன் பக்கத்தில் உட்கார்ந்து காப்பியடித்தார்கள். எந்த அளவுக்கு என்றால், தங்கள் வட்டார பாணியையே பலர் விட்டுவிட்டார்கள். இப்போது சொல்லுங்கள்! 1975-ல் அகில அயர்லாந்து ஃபிடில் போட்டியில் ஜெயித்த லிஸ் கரோல் சிகாகோவில் பிறந்த பெண்.

மார்ச் 17 அன்று பச்சைத் தொப்பி மாட்டிக்கொண்டு பச்சை பீர் குடிப்பதைக் கிண்டல் பண்ணுங்கள், நானும் வருகிறேன்.

கெல்டிக் இசையில் ஸ்காட்லாந்துக் கதை இன்னும் ஜோர். அங்கிருந்து கனடாவின் கேப் பிரெட்டன் தீவுக்குப் போனவர்களின் வம்சம் ஃபிடிலையும் கால் தட்டி ஆடும் நடனத்தையும் விடவில்லை. ஃபிடில்காரர்கள் அழிந்துவருகிறார்கள் என்று 1971-ல் ஒரு டிவி படம் சொன்னது. 1973-ல் கிளெண்டேலில் நூறு பேருக்கு மேல் மேடையேறி வாசித்தார்கள். ஸ்காட்லாந்தில் மறந்துபோன அந்த நடனத்தைச் சொல்லிக்கொடுக்க, கேப் பிரெட்டனிலிருந்துதான் ஆள் போனது.