மழலைக்கு முந்தியது செவி



பேசத் தெரியாத குழந்தையிடம் பேசி என்ன பயன் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். தொட்டிலில் கிடக்கும் குழந்தை பசித்தால் அழும், பசி தீர்ந்தால் உறங்கும். அதற்கு வேறொன்றும் தெரியாது என்பது அவர்கள் கருத்து. ஆயின், முதற்சொல்லை வாய் சொல்லுமுன்னரே செவி ஒரு பெரும் பாடத்தைக் கற்றுவிடுகிறது என்று குழந்தை உளவியலார் கண்டறிந்துள்ளனர்.

இப்பாடம் தாயின் வயிற்றிலேயே தொடங்குகிறது. 1980ஆம் ஆண்டில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பிறந்து மூன்று நாள்கூட நிறையாத சிசுக்களுக்கு ரப்பர் காம்பு ஒன்றைச் சப்பக் கொடுத்தனர். ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரல் கேட்கும். வேறு விதமாகச் சப்பினால் மற்றொரு பெண்ணின் குரல் கேட்கும். சிசுக்கள் தாயின் குரலையே நாடிச் சப்பின!

அடுத்து, ஒலிகளைப் பிரித்தறியும் திறனைக் காண்போம். 'பத்து', 'பட்டு' ஆகிய இரு சொற்களை நாம் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. நாக்கு பல்லைத் தொட்டால் ஓர் ஒலி, மேலண்ணத்தை நோக்கி வளைந்தால் மற்றோர் ஒலி. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்தவருக்கு இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றும். இதே வேறுபாடு இந்தியிலும் உண்டு.

கனடா நாட்டில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்போர் அவ்விரு இந்தி ஒலிகளை ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைகளுக்குக் கேட்கச் செய்தனர். ஒரே ஒலி தொடர்ந்து ஒலிக்கும். அது மாறும்போது குழந்தை தலையைத் திருப்பினால், பெட்டிக்குள்ளிருக்கும் பொம்மை விளக்கொளியில் அசைந்தாடும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானோர் வேறுபாட்டைக் கண்டுகொண்டனர். பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளிலோ மிகச் சிலரே கண்டுகொண்டனர். இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகள் ஓராண்டை நெருங்கிய பின்னும் அத்திறனை இழக்கவில்லை. இம்முடிவுகள் 1984இல் வெளியாயின.

இதன் பொருள் என்ன? உலக மொழிகளின் ஒலிகள் பலவற்றைப் பிரித்தறியும் ஆற்றலோடு குழந்தை பிறக்கிறது. பின்னர், தன் வீட்டில் வழங்கும் ஒலிகளில் செவியைக் கூர்மையாக்கிக்கொண்டு, கேளாதவற்றைக் கைவிடுகிறது. இது குறையன்று, தாய்மொழியைக் கற்கும் வழியே இதுதான். கைவிட்டதைப் பிற்காலத்தில் மீண்டும் கற்கலாம். ஆனால் அதற்கு முயற்சி மிகுதியாக வேண்டும்.

அப்படியானால் தொலைக்காட்சியின் முன் குழந்தையை அமர்த்திவிட்டால் போதாதா? போதாது. 2003ஆம் ஆண்டில் பட்ரீசியா குல் என்பவரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகிறது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுவோர் பன்னிரண்டு முறை அமர்ந்து, கதை படித்து, விளையாடினர். அக்குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டனர். அதே பேச்சைத் தொலைக்காட்சியிலோ ஒலிப்பதிவிலோ கேட்ட குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. பேச்சு ஒன்றே, ஆனால் முகம் பார்த்துப் பேசும் மனிதர் அங்கு இல்லை.

இன்று அழும் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்து அமர்த்துவது பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. அழுகை நிற்கலாம், ஆனால் செவிக்குரிய பாடமும் அங்கே நின்றுவிடுகிறது. பெற்றோரே, குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் குழந்தையின் முகம் பார்த்துப் பேசுங்கள். அது எழுப்பும் ஒலிக்கு மறுமொழி கூறுங்கள். தந்தையரே, வேலை முடிந்து வந்ததும் சிறிது நேரத்தைக் குழந்தைக்கென ஒதுக்குங்கள். பாட்டியின் தாலாட்டையும் தாத்தாவின் கொஞ்சுமொழியையும் வீண்பேச்சென்று தள்ளாதீர்கள். உங்களுக்கு இயல்பாக வரும் மொழியிலேயே பேசுங்கள். இல்லத்தில் இரு மொழி வழங்கினால் அஞ்ச வேண்டா. இரண்டையும் கற்கக் குழந்தையால் இயலும்.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளுங்கள். பேரொலி கேட்டும் திடுக்கிடாத சிசுவையும், ஏழெட்டு மாதமாகியும் குரல் வந்த பக்கம் திரும்பாத குழந்தையையும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுங்கள். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்கும் மாதங்களே செவி கற்க வேண்டிய மாதங்கள். குறையை முன்னரே கண்டால் அவற்றை இழவாது காக்க வழியுண்டு.