தாம்பூலமும் சட்டமும்

மங்கல நிகழ்ச்சி எதுவாயினும் வெற்றிலையும் பாக்கும் முன்னிற்பது நம் மரபு. ஆயின், அம்மங்கலத் தட்டிலே புகையிலைக்கு என்றும் இடமிருந்ததில்லை. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, ஐரோப்பியர் கப்பலேறி வந்த அவ்விலை, பிற்காலத்திலேயே நம்மவரின் வெற்றிலைப் பையுட் புகுந்தது. புகையிலையை மரபென்று கூறிக் காக்க முனைவோர் முதற்கண் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பசறையிலும் லுணுகலையிலும் நமுனுகுலைச் சாரலிலும், பனியிலும் மழையிலும் நின்று கொழுந்தெடுக்கும் தாய்க்கு, வாயில் அடக்கிய புகையிலை குளிருக்கு மருந்து, பசிக்கு மறதி. அவளைக் குற்றஞ்சாட்ட நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் அந்த மறதியின் விலை பெரிது. இலங்கை ஆடவரிடையே காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்கின்றது. தோட்ட மக்களோ வெற்றிலையோடு புகையிலையை மெல்வதில் பிறரினும் மிக்கவர். வாயிலே வெண்படலம் தோன்றியபோதே பதுளை வைத்தியசாலையை நாடாது, பின்னர் மகரகமைக்குப் போய்க் காலங் கடந்ததென்று கேட்டுத் திரும்புவோர் நம் உற்றாரே.

அரசு வாளாவிருக்கவில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபையை நிறுவி, 21 வயதுக்குட்பட்டோர்க்குப் புகையிலை விற்பதைத் தடுத்தது. 2016 செப்டெம்பரில் வெளியான விதிகள், புகையற்ற புகையிலைப் பொருள்களையும், சுவையோ நிறமோ இனிப்போ ஊட்டிய சிகரெட்டுகளையும் உற்பத்தி செய்தல், இறக்குமதி செய்தல், விற்றல் ஆகியவற்றைத் தடைசெய்தன. நஞ்சுக்குத் தேன் தடவுவது முதியோர்க்காகவன்று. கசப்புக்குப் பழகாத இளநாவுக்காகவே. ஆதலின் சுவையூட்டலைத் தடுத்தமை சாலப் பொருத்தமானதென்பது நம் கருத்து.

எனினும் சட்டத்தின் இடைவெளியை வணிகம் விரைந்து கண்டுகொள்ளும். தமிழ்நாட்டரசு 2001இல் குட்காவைத் தடைசெய்தது. மாநிலங்கள் பிறப்பித்த அத்தகைய தடைகள் 2004இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மீண்டும் தடை வந்தது. உடனே இந்தியச் சந்தையிலே பாக்கு ஒரு பொட்டலத்திலும் புகையிலை மற்றொன்றிலுமாக விற்பனைக்கு வந்தன. கலக்கும் தொழில் வாங்குவோன் கைக்கு மாறியது.

இப்பாடம் நமக்கும் உரியது. 2016ஆம் ஆண்டு விதிகளின் இலக்கு புகையிலை. ஆனால் பாக்கு தனித்தும் புற்றுநோய் விளைவிக்குமென்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் அறுதியிட்டுரைத்தது. புகையிலை நீங்கிய இனிப்புப் பாக்குப் பொட்டலம் சிறுவர்க்குத் தீங்கற்றதாகி விடாது. எனவே, அத்தகைய பொட்டலங்களையும் 21 வயதுக்குட்பட்டோர்க்கு விற்கலாகாதெனச் சட்டம் செய்தல் வேண்டும். விழாவிலே மரியாதைக்கு வழங்கும் தாம்பூலம் வேறு. பாடசாலை வாயிலில் தொங்கும் பொட்டலம் வேறு.

சட்டம் ஏழையைத்தானே வருத்துமென்பார் சிலர். அன்று, அவ்விதிகள் மெல்பவளைத் தண்டிப்பனவல்ல, ஆக்குவோனையும் விற்போனையுமே கட்டுப்படுத்துவன. அவற்றைச் செயற்படுத்தப் பொலிசாரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அதிகாரம் பெற்றுள்ளனர். ஆனால் நகரத்துக் கடைக்கு எட்டும் கை, மலைமேல் உள்ள தோட்டத்துக் கடைக்கும் எட்டுதல் வேண்டும்.

நம் பழைய மாணவருள் ஆசிரியர் உளர், உத்தியோகத்தர் உளர், வணிகரும் உளர். வணிகர் தங் கடையிலிருந்து அப்பொட்டலங்களை இன்றே அகற்றலாம். அதற்குப் பரிசோதகர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏனையோர் ஆண்டுக்கொரு முறையேனும் வைத்தியரை லயங்களுக்கு அழைத்துச் சென்று மக்களின் வாயைச் சோதிப்பிக்கலாம். கொழுந்துக் கூடை சுமந்த தாயின் உழைப்பிலே கற்றோர் நம்மிற் பலர். அவள் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லும் கடமை சட்டத்திற்கு முன்னே நமக்குண்டு.