பொம்மை பாக்கதுக்கு ஒரு பிஎச்டியா?

எங்க ஊர் சாத்தான்குளத்துல சொந்தக்காரப் பிள்ளை ஒருத்தி. வரலாற்றில் எம்.ஏ. முடிச்சிட்டு, கலை வரலாற்றில் முனைவர் பட்டம் பண்ணுவேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா. கோயில் சுவரோவியங்கள்தான் தலைப்பாம். வீட்டுல நடந்த ரகளையை முழுசா எழுதினா நாலு பதிவு தேறும். சாரம் மட்டும் தர்றேன்: "பொம்மை பாக்கதுக்கு ஒரு பிஎச்டியா?"

சொன்னவர் ரிட்டயர்ட் தலைமையாசிரியர். அவர்கிட்டேர்ந்து தினமும் காலையில 'தமிழன் கட்டிய அதிசயக் கோயில்'னு ஒரு வாட்ஸ்அப் வந்து விழும். தஞ்சாவூர் கோபுர நிழல் தரையில விழாதுங்கிற அந்தப் பழைய கப்சா உட்பட. (விழும் அண்ணாச்சி, விழும். போய்ப் பாருங்க.)

இந்தப் பதிவு அவருக்காக இல்லை. அவரை மாதிரியே யோசிச்சுக்கிட்டு, அப்படி இல்லைன்னு நம்பிக்கிட்டு இருக்கிற, என்னை மாதிரி பொட்டி தட்டுற கூட்டத்துக்காக.

முதல்ல நம்ம பக்கத்து கதை ஒண்ணு. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982ல் திருடு போனார். ரெண்டு வருஷம் தேடிட்டு, கண்டுபிடிக்க முடியலைன்னு போலீஸ் ஃபைலை மூடிட்டாங்க. 2001ல் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு கலைக்கூடம் அந்தச் சிலையைக் காசு கொடுத்து வாங்கி காட்சிக்கு வச்சுது. 2019 செப்டம்பர்ல ஊர் திரும்பினார். எப்படி? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காரங்க 1958லேயே அவரைப் படம் எடுத்து வச்சிருந்தாங்க. அந்தக் காலத்துலயும் யாராவது "எதுக்கு சார் பொம்மையைப் படம் புடிக்கீங்க?"ன்னு கேட்டிருப்பாங்க, சத்தியமா.

படம் இருந்தா போதுமான்னா, போதாது. மெழுகுல செஞ்சு, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேத்தி, உலோகத்தை ஊத்தி, கடைசியில அச்சை உடைச்சுத்தான் சிலையை வெளியே எடுக்கணும். அதனால ஒவ்வொரு சிலையும் ஒண்ணே ஒண்ணுதான். திருவாசியில சுடர் எப்படி நிக்குது, சடை எப்படி விரியுது, பீடத்துல தாமரை இதழ் எப்படின்னு பார்த்து, 'இது அதுதான்'னு அடிச்சுச் சொல்ல ஆள் வேணும். பத்தூர் நடராஜர் வழக்கில் லண்டன் நீதிமன்றத்துல போய் சாட்சி சொன்னவர் இரா. நாகசாமி. 1991ல் அந்த நடராஜர் திரும்பி வந்தார். கூண்டுல ஏறி நின்னது பொம்மை பாக்குற படிப்புதான்.

இந்த இடத்துல ஒரு பின்னூட்டம் வரும், எனக்குத் தெரியும். "சிலைகளை மீட்ட எஸ். விஜயகுமார் பிஎச்டியா? சிங்கப்பூரில் கப்பல் கம்பெனி வேலை பார்த்துக்கிட்டே வலைப்பதிவு எழுதினவர்தானே?" ஆமா, நம்ம சாதிசனம். அவர் மேல எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனா அவர் ஒப்பிட்டுப் பார்த்த படங்களை எடுத்து, ஊர் பேரோட அடுக்கிப் பாதுகாத்து வச்சது யாரு? அந்த அடுக்கு இல்லாம நாம ஆயிரம் பதிவு எழுதினாலும் ஒரு பிள்ளையார்கூட வீடு திரும்ப மாட்டார்.

அடுத்து, நம்ம ஆளுங்களுக்குப் புரியுற பாஷையில சொல்றேன். கோயில் தூணுக்கு மேல உத்தரத்தைத் தாங்குற கல்லுக்குப் போதிகைன்னு பேரு. பல்லவர் போதிகை வளைஞ்சு அலை அலையா இருக்கும். சோழர் காலத்துல சாய்வா வெட்டி விட்ட மாதிரி ஆகுது. பிறகு அதுல பூமுனை முளைக்குது, நீளுது, நாயக்கர் காலம் வரும்போது வாழைப்பூ மாதிரி தொங்குது. புதுச்சேரி கல்லூரியில வாத்தியாரா இருந்த ழுவோ துப்ராய் இந்த மாற்றங்களை வரிசைப்படுத்தி, கல்வெட்டே இல்லாத கோயிலுக்கும் காலம் சொல்ல வழி பண்ணி, 1914ல் ரெண்டு தொகுதியா புத்தகம் போட்டார். அதாவது மக்கா, கமிட் மெசேஜ் எதுவும் இல்லாத கோடுல, வெறும் டிஃப் பார்த்தே எந்த வெர்ஷன்னு சொல்றது. இதை நாம ஆபீஸ்ல செஞ்சா அப்ரைசல்ல நல்ல ரேட்டிங். அவ கோயில்ல செஞ்சா வேலையத்த வேலையா?

இன்னொரு புலம்பல் நம்ம கூட்டத்துல ரொம்பப் பிரசித்தம்: "நம்ம வரலாற்றை வெள்ளைக்காரன் எழுதுறான்!" சரி. தாமிரபரணியில கடனாநதி வந்து கலக்குற இடத்துல திருப்புடைமருதூர் இருக்கு. நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள்ள ஏறினா அஞ்சு நிலையிலும் ஓவியம். குதிரைகளை ஏத்திக்கிட்டு வர்ற கப்பல்கூட உண்டு. இந்த மாதிரி தமிழ்நாட்டுச் சுவரோவியங்களை ஆராய்ஞ்சு அன்னா சீஸ்ட்ராண்ட் 2013ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துல முனைவர் பட்டம் வாங்கினார். 2024ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் அவர் புத்தகத்தை வெளியிட்டுது. அந்த அம்மா தமிழ் கத்துக்கிட்டு கடல் தாண்டி வந்து பார்த்தாங்க. நாம சாத்தான்குளத்துலேர்ந்து பஸ் பிடிச்சு ஒரு எட்டு போய்ப் பார்க்கலை. பார்க்கப் போறேன்னு சொல்ற பிள்ளையையும் மறிச்சுக்கிட்டு நிக்கோம். அப்புறம் எதுக்கு வெள்ளைக்காரன் மேல கோவம்?

சரி, சோறு. நெட் தேர்வுல காட்சிக் கலை பாடத்துலயே கலை வரலாறு இருக்கு. ஜேஆர்எஃப் கிடைச்சா 2023லேர்ந்து மாசம் 37,000 ரூபாய். என் முதல் சம்பளம் இதைவிடக் கம்மி, எனக்கு ஊரே சீர் செஞ்சு ரயிலேத்தி விட்டுது. ஜேஆர்எஃப் கிடைக்கிறது கஷ்டம்தான், ஒத்துக்கிறேன். பட்டம் வாங்கின பிறகு வேலை கிடைக்கிறது அதைவிடக் கஷ்டம். நல்ல துறைன்னு தேடினா பரோடா, ஜேஎன்யுன்னு வடக்கே போகணும். இங்க வரலாறு, தொல்லியல் துறைகளுக்குள்ள ஒரு மூலையில இடம் பிடிக்கணும். கைடு வீட்டுக்குக் காய்கறி வாங்கிக் கொடுத்தே வருஷத்தை ஓட்டின கதைகளும் நமக்குத் தெரியாததில்லை.

ஆனா யாரைத் திட்டணும்? அறநிலையத் துறை கையில 36,000க்கும் மேல கோயில் இருக்கு. எங்கேயாவது கும்பாபிஷேகம்னா நன்கொடையாளர் பேர் போட்ட டியூப்லைட் வருது, டைல்ஸ் வருது, ஓவியத்து மேல சுண்ணாம்பு வருது. "ஐயா, கையை வைக்காதீங்க, இது நானூறு வருஷத்துப் படம்"னு சொல்ல, சம்பளமும் அதிகாரமும் உள்ள கலை வரலாற்றாளர் மாவட்டத்துக்கு ஒருத்தர் வேண்டாமா? 'வேலை இல்லாத படிப்பு'ன்னு படிப்பைத் திட்டுறீங்க. வேலை மலை மாதிரி கிடக்கு, பதவிதான் இல்லை. அதைக் கேட்டு ஒரு மனுவாவது போட்டிருக்கோமா?

டிஸ்கி: நாலு வருஷப் பட்டத்துல 75 சதவீதம் வச்சிருக்கிற பி.இ. மக்கள், இப்போ எம்.ஏ. இல்லாமலே நெட் எழுதி பிஎச்டிக்குப் போகலாம். படிச்ச பாடத்துலதான் எழுதணும்னும் இல்லைன்னு யுஜிசி 2024ல் சொல்லிடுச்சு. என் மார்க்கை யாரும் பின்னூட்டத்துல கேட்கப்படாது.