பிரதியும் பிரயோகமும்

பெரம்பலூரில் பொறியியல் படிக்கும் என் தங்கை மகன் சென்ற விடுமுறைக்கு ஜெயங்கொண்டம் வந்திருந்தபோது, திண்ணையில் வண்ணச் சீட்டுகளைப் பரப்பி, 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் உருவாக்கி வெளிவந்த 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் மந்திரவாதிகளின் ஆட்டத்தை எனக்குக் கற்பித்தான். ரம்மியிலேயே தலைநரைத்த எனக்கு அது எளிதில் வசப்படவில்லை. ஆயினும் அதன் விதியொன்று இன்னும் சிந்தையை விட்டு அகலவில்லை.

இருபது உயிர்ப் புள்ளிகளுடன் தொடங்கி இருவரும் மும்மூன்றில் வந்து நின்ற தறுவாயில், மூன்று புள்ளிகளைப் பறிக்கும் 'லைட்னிங் போல்ட்' சீட்டை அவன் என்மீது ஏவினான். நானோ, பிறர் மந்திரத்துக்குப் பிரதி எடுத்துத் தரும் 'ஃபோர்க்' சீட்டை அதன்மேல் போட்டு, பிரதியை அவன் பக்கமே திருப்பினேன். இருவரும் மாண்டோம் என்றே எண்ணினேன்.

"இல்ல மாமா, நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்றான். அடுக்கிய தட்டுகளில் கடைசியாக வைத்ததே முதலில் கைக்கு வருவதுபோல, பின்னே வந்த பிரதி முன்னே பலித்துவிடுமாம்; அவன் வீழ்ந்தபின் மூலத்துக்கு வேலை ஏது?

பிரதிக்கு இத்தனை வல்லமை அளித்த அந்த விதி, அதற்கு ஒரு கௌரவத்தை மட்டும் மறுக்கிறது. 'மந்திரம் பிரயோகிக்கப்படும்போதெல்லாம்' என்று தொடங்கும் சீட்டுகள் எதுவும் பிரதியைக் கண்டு அசைவதில்லை. ஏனெனில் பிரதி உண்டாகிறதேயன்றிப் பிரயோகிக்கப்படுவதில்லை (அவன் மொழியில், 'கேஸ்ட்' ஆவதில்லை), அதற்கென்று மூலத்தின் கிரயத்தை எவரும் மறுபடி செலுத்துவதுமில்லை. மூலத்தில் தேர்ந்த தொகையையும் வகையையும் அது அப்படியே சுமக்கவேண்டும். ஃபோர்க் போன்ற சீட்டு அனுமதித்தால் இலக்கை மாத்திரம் மாற்றலாம். மாறாக, அதே பெயருள்ள சீட்டை இன்னொருவன் தன் கையிலிருந்து, தன் செலவில் ஏவினால், அது எவ்வளவு ஒத்திருந்தாலும் பிரதியாகாது.

அன்று மாலை கங்கைகொண்ட சோழபுரம் போயிருந்தோம். புல்வெளியில் நின்ற வெளியூர்க்காரர் ஒருவர் தம் குடும்பத்தாரிடம், "தஞ்சாவூர் கோயிலோட ஜெராக்ஸ்தான் இது" என்று தீர்ப்பளித்துக்கொண்டிருந்தார். நம் மாவட்டத்தாரே பலர் சொல்லும் அபிப்பிராயந்தான். எனக்கு அது அறவே உடன்பாடில்லை.

தஞ்சையில் தந்தை ராஜராஜ சோழனின் விமானம் நேர்க்கோடாக விறைத்தெழ, இங்கே மகன் ராஜேந்திரனுடையதோ 53 மீட்டர் உயரத்துக்கு, இடையில் உள்வாங்கி வளைந்து ஏறுகிறது. தொகையும் வகையும் இங்கே புதிதாகத் தேர்ந்தவை. கிரயமோ, கேட்கவே வேண்டாம்: புதுத் தலைநகரம், கங்கை வரை சென்ற படை, அங்கிருந்து கொண்டுவந்த நீர் வார்த்த, நீர்மயமான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு வருணிக்கும் சோழகங்கம் என்னும் ஏரி. (அந்த ஏரி இன்று பொன்னேரி என்று அழைக்கப்படுகிறது; பெயர் மாறியதை யாரும் பிரதி என்பதில்லை.)

வடவாயில் அருகே, சண்டேசருக்குச் சிவபெருமான் கொன்றைமாலை சூட்டும் சிற்பத்தின் முன் மருமகன் நெடுநேரம் நின்றான். பிறகு விமானத்தின் வளைவை விரலால் காற்றில் வரைந்துபார்த்துவிட்டு, "இது காப்பி இல்ல மாமா, அவரே கேஸ்ட் பண்ணது" என்றான்.

அதைச் சொல்லலாமென்று திரும்பினேன். வெளியூர்க்காரரின் வேன் அதற்குள் புறப்பட்டுவிட்டிருந்தது.